எடுக்காத சிப்பாய்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ராஜாவாம். அவருக்கு வாசல் காக்க எட்டே எட்டுச் சிப்பாய்களாம். சண்டை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. அதற்குள் அந்த ராஜா தன் பக்கத்திலேயே நின்ற சிப்பாய் ஒருவனை எதிரியின் கைக்கு எட்டுகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, “இந்தா, எடுத்துக்கோ” என்றாராம்.

ம் கொட்டுங்கள் அண்ணாச்சி. எங்கள் வீட்டில் கதை சொன்னால் கேட்கிறவர் ம் கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் தாத்தா அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார், ராஜா குதிரையில் ஏறிய காலோடு நிற்பார்.

சரி, சொல்லுங்கள். நீங்கள் எதிரியாக இருந்தால் எடுப்பீர்களா?

எடுப்பீர்களா! யோசிக்கவே இல்லையே நீங்கள். சும்மா கிடைத்தால் எடுத்துவிடுவதா? நாற்காலி வாடகைக்கு விடுகிறவர், நாலு ஊர் மண்டபம் பார்த்தவர், நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி?

இல்லை இல்லை, உட்காருங்கள். மற்ற நாற்காலியெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டீர்கள். நான் உட்கார்ந்திருப்பது ஒன்று, அது ஒன்று, உள்ளே பலகை போட்ட மேஜைக்கு ரெண்டு. ஐந்து மணி வரைக்கும் இந்த நாலும் வேண்டும். ஐந்து மணிக்கு எல்லாம் முடிவாகிவிடும். இப்போது மணி என்ன? நாலேகாலா? உங்கள் கடிகாரம் சரியாக ஓடுகிறதா? உள்ளே மண்டபத்துக் கடிகாரம் நாலு பத்துதான் காட்டியது. அதை யார் திருப்பி வைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

என் பெயர் கோமதிநாயகம். கோமதி என்று கூப்பிடுவார்கள். இங்கே நூல் மில்லில் வேலை, ரிங் பிரேம் என்கிற நூற்கும் மெஷினில். நூல் அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அறுந்துகொண்டே இருக்கும், எட்டு மணி நேரமும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பஞ்சு பறக்கும். தலை, புருவம், மூக்கு எல்லாம் வெள்ளை. நாலு வருஷமாக இந்த இழுப்பு. கேட்கிறதா, மூச்சு விடும்போது விசில் அடிக்கிறதே? டாக்டர் போன மாதம் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, பஞ்சுல நிக்காத. இன்னும் ஒரு வருஷம் நின்னேன்னா அப்புறம் மாடிப்படி ஏற முடியாது” என்றுவிட்டார்.

பஞ்சில் நிற்காமல் மில்லில் வேறு எங்கே நிற்பது? அதற்கு ஒரே ஒரு வழி இருக்கிறது. எங்கள் மில்லுக்கு ஒரு செஸ் டீம் உண்டு. நாலு பேர். வருஷா வருஷம் கோயம்புத்தூரில் மில்களுக்குள் நடக்கும் போட்டிக்குப் போவார்கள். டீமில் இருப்பவர்களை மெஷினில் நிறுத்துவதில்லை. டைம் ஆபீஸ், ஸ்டோர்ஸ் என்று பகல் வேலையில் உட்கார வைத்துவிடுவார்கள். சாயங்காலம் பழகுவதற்கு நேரம் வேண்டுமே, அதற்காக. மூன்று பேர் பழைய ஆட்கள். நாலாவது இடம் இந்த வருஷம் காலி. அதற்குத்தான் இந்த மண்டபம், இந்தப் பலகைகள், உங்கள் நாற்காலிகள்.

பதினாறு பேர் ஆடினோம். நானும் இன்னொருத்தியும் தோற்காமல் மேலே வந்தோம். இன்று காலை எங்கள் ரெண்டு பேருக்கும் கடைசி ஆட்டம்.

அவள் பெயர் முப்பிடாதி.

சிரிக்காதீர்கள். அவள் குலசாமி பெயர். லேபில் எல்லாரும் முப்பி என்பார்கள். டெஸ்டிங் லேப். அங்கே என்ன வேலை தெரியுமா? நாங்கள் நூற்று அனுப்பும் நூலை எடுத்து மெஷினில் மாட்டி, இழுத்து, எவ்வளவு பாரத்தில் அறுகிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவது. நான் நாள் முழுக்க அறுந்ததை ஒட்டுகிறேன், அவள் நாள் முழுக்க ஒட்டியிருப்பதை அறுக்கிறாள். இப்படிப்பட்ட ஒரு பெண் நம்மிடம் சிரித்துப் பேசினால் என்ன அர்த்தம்? எவ்வளவு தாங்குவான் என்று இழுத்துப் பார்க்கிறாள் என்றுதானே?

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். கேளுங்கள்.

ஐப்பசியில்தான் ஆரம்பித்தது. நல்ல மழை. மில் மன்றத்தில் கேரம் போர்டைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள், செஸ் பலகைப் பக்கம் ஆள் இருக்காது. நான் தனியாக இரண்டு பக்கமும் நானே நகர்த்தி ஆடிக்கொண்டிருப்பேன். அதுதான் எனக்குப் பிடிக்கும். எதிரி என்ன நினைக்கிறான் என்று தெரியும் அல்லவா. அவள் குடையை மடக்கிக்கொண்டு வந்தாள், எதிரே உட்கார்ந்தாள். “ஏ, ஒன்ன நீயே ஏமாத்திக்கிட்டு இருக்கியா? நான் ஆடட்டுமா?” என்றாள்.

கவனித்தீர்களா? எடுத்த எடுப்பிலேயே நீ. நான் இன்றுவரைக்கும் அவளை வாங்க போங்க என்றுதான் பேசுகிறேன். முன்பின் தெரியாத ஆள் முதல் வார்த்தையிலேயே நெருங்கி வந்தால் நான் ஓரடி பின்னால் போய்விடுவேன்.

உட்கார்ந்தாளா, ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளினாள். நானும் தள்ளினேன். எல்லாரும் செய்வதுதான். ரெண்டாவது தடவை என்ன செய்தாள் தெரியுமா? ராஜாவுக்குப் பக்கத்தில் மந்திரி நிற்பார் இல்லையா, அவருக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தூக்கி என் சிப்பாயின் வாய்க்கு நேரே வைத்துவிட்டாள். காவலுக்கு யாருமில்லை. நான் சாய்வாக ஒரு கட்டம் போனால் போதும், அது எனக்கு.

“தெரியாம வச்சிட்டீங்க, திருப்பி எடுத்துக்கங்க” என்றேன்.

“தெரிஞ்சுதான் வச்சேன். இதுக்கு கேம்பிட்னு பேரு. ஒரு சிப்பாயக் குடுத்துட்டு வேகமா வெளிய வந்து அடிச்சு ஆடுறது. எடுத்துக்கோ” என்றாள்.

“எதுக்கு?”

“எதுக்குன்னா? ஒனக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக் கெடைக்கும். எனக்கு வழி தொறக்கும். ரெண்டு பேருக்கும் ஆட்டம் நல்லாருக்கும்.”

அண்ணாச்சி, இந்த உலகத்தில் ரெண்டு பேருக்கும் நன்றாக இருக்கிற காரியம் என்று ஒன்று உண்டா? தாத்தா சொன்ன கதைகளில் காட்டுவழியில் பழம் கொடுத்தவர்கள் எல்லாம் யார்? பசியோடு போகிறவனைக் கூப்பிட்டு இலை போட்டவர்கள் யார்? ஒரு கதையிலாவது நல்லவர்கள் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இருந்திருக்கலாம். அந்த இடம் வருவதற்குள் தூங்கிப்போயிருப்பேன்.

நான் எடுக்கவில்லை. என் சிப்பாய்க்குப் பக்கபலமாக இன்னொன்றை நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பார்த்தேன், குறித்துக்கொண்டேன். வலை விரித்தவளுக்கு மீன் வராவிட்டால் வருகிற முகம்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. என் ஷிப்டு ஒத்துவரும் வாரமெல்லாம் ஆடினோம். ஐம்பத்து மூன்று ஆட்டம். வெள்ளைக்காய் அவளுக்கு வந்து அவள் முதலில் ஆடியபோதெல்லாம் அதே சிப்பாய், அதே கட்டம். நான் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. ஒரு தடவைகூட! எத்தனை ஆட்டம் ஜெயித்தேன் என்றா கேட்கிறீர்கள்? பதினொன்று. இல்லை, ஒன்பது. அதுவா முக்கியம்? ஏமாறவில்லை என்பதல்லவா முக்கியம்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டாள். “கோமதி, ஒரே ஒரு தடவ எடுத்துத்தான் பாரேன். செத்தா போயிருவ?”

பார்த்தீர்களா, சாவு என்ற வார்த்தை எப்படி வந்தது என்று.

என்ன சொல்கிறீர்கள்? அந்தச் சிப்பாய் போய்விட்டால் அந்தப் பெண்ணுடைய ராஜா பக்கம் திறந்து கிடக்காதா என்றா? செஸ் தெரியாது என்றீர்களே. ஆமாம், கிடக்கும். அவள் ராஜாவுக்குத்தான் முதல் ஆபத்து. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். கதவைத் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். அதுதான் தந்திரமே! திறந்த வீட்டுக்குள் எவன் பயமில்லாமல் போவான்? பூட்டிய வீடு என்றால் உடைத்துக்கொண்டு போகலாம், அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

டீயா? எனக்கா? நான் கேட்கவில்லையே. ரெண்டு டம்ளர் எதற்கு வாங்கிவரச் சொன்னீர்கள்? இல்லை, தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் குடியுங்கள். என்னுடையதை அங்கே வையுங்கள், ஆறட்டும். நீங்கள் முதலில் குடியுங்கள்.

முகமூடி விஷயத்தைச் சொல்கிறேன். அதைக் கேட்டால் உங்களுக்கே விளங்கும்.

கார்த்திகையில் எனக்கு இருமல் அதிகம். ஒரு ஆட்டத்தின் நடுவில் இருமி, என் கை பட்டு நாலு காய் விழுந்துவிட்டது. அவள் காய்களை அதனதன் இடத்தில் நிறுத்தினாள். ஒன்றுகூட மாறவில்லை. என் யானை எங்கே நின்றது என்று எனக்கே மறந்துவிட்டது, அவளுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து ராசையா வந்தான். என் பக்கத்து மெஷின்காரன், வாய் சும்மா இருக்காது. “ஏல கோமதி, லேப்லருந்து மாப்பிள்ளைக்கு சீர் வந்திருக்குல” என்று ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தான். உள்ளே துணியில் தைத்த முகமூடி. காதில் மாட்ட எலாஸ்டிக். மூக்கு அழுந்தாமல் இருக்க ஓரத்தில் மெத்தென்று ஒரு பட்டி. கையால் தைத்தது, தையல் அவ்வளவு பொடிசு. “பஞ்சுல நிக்கும்போது கட்டிக்கோ. ரெண்டு நாளைக்கு ஒருதடவ சோப்புப் போட்டுத் தொவை” என்று ஒரு துண்டுச் சீட்டு.

முகத்தில் கட்டுகிற பொருள், அண்ணாச்சி. மூச்சு அதன் வழியாகத்தான் போக வேண்டும். சும்மா கட்டிக்கொள்ள முடியுமா? பிரித்துப் பார்த்தேன். பிளேடு வைத்து ஒவ்வொரு தையலாக அறுத்தேன். முதல் மடிப்பு துணி. ரெண்டாவது மடிப்பு துணி. மூன்றாவதும் துணி. நாலாவதும் அதே. ஒன்றும் இல்லை.

ஒன்றுமே இல்லை என்றதும்தான் எனக்குச் சந்தேகம் அதிகமாயிற்று.

கட்டிக்கொள்ளவா? எப்படிக் கட்டிக்கொள்வது? பிரித்துப் போட்டதைத் திருப்பித் தைக்க எனக்குத் தெரியாது. பெட்டியில் கிடக்கிறது, நாலு துண்டாக. “கட்டுதியா?” என்று அவள் கேட்டாள். “ம்” என்றேன். “முகத்துல தடமே இல்லையே” என்றாள். எப்படி உளவு பார்க்கிறாள் பாருங்கள்.

மணி நாலு முப்பத்தைந்தா? அதற்குள்ளா? சரி, வேகமாகச் சொல்கிறேன்.

நேற்று சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் வந்து நின்றாள். என் சைக்கிளின் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டாள். “ஏ கோமதி, நாளைக்கு எனக்கு வெள்ளை வந்தா கேம்பிட்தான் ஆடுவேன். ரெண்டாவது மூவ்லயே சிப்பாயக் குடுப்பேன். சொல்லிட்டேன்.”

“எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க?”

“சொல்லாம ஆடுனா நீ அரை மணி நேரம் பலகையவே பாத்துக்கிட்டு முழிப்ப. அப்புறம் நேரம் பத்தாமத் திணறுவ, இருமுவ. என்னால அதப் பாத்துக்கிட்டு உக்கார முடியல. வீட்டுலயே யோசிச்சு வச்சுட்டு வா. எடுக்கறதுன்னா எடு, எடுக்காட்டிப் போ. ஆனா யோசிச்சுட்டு வா.”

“ஒங்களுக்கு இந்த எடம் வேண்டாமா?”

“வேணும்தான். கோயம்புத்தூர் போயி ஆடணும்னு எனக்கு ஆசை இருக்காதா? ஆனா எனக்கு இப்பவே பகல் வேலதான், ஒனக்குத்தான் இது ரொம்ப வேணும். அதுக்காக ஆட்டத்த விட்டுக்குடுப்பேன்னு நெனைக்காத. சிப்பாயத்தான் குடுப்பேன், ஆட்டத்தக் குடுக்க மாட்டேன்.”

இப்போது நீங்கள் சொல்லுங்கள். போருக்குப் போகிறவன் எந்த வாசல் வழியாக வருவேன் என்று எதிரியிடம் சொல்லிவிட்டு வருவானா? சொன்னால் அந்த வாசல் வழியாக வரமாட்டான் என்றுதானே அர்த்தம்? நான் என்ன செய்தேன், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். குதிரையை முதலில் எடுத்தால் என்ன, ராணிப் பக்கத்துச் சிப்பாயைத் தள்ளினால் என்ன, ஓரத்திலிருந்து தொடங்கினால் என்ன, அத்தனையும் யோசித்து வைத்தேன். இருபத்திரண்டு விதம். கேம்பிட்டை மட்டும் தொடவே இல்லை.

காலையில் வெள்ளை அவளுக்குத்தான் விழுந்தது. சீட்டுக் குலுக்கியது குமரகுரு சார். மில் ஹைஸ்கூலில் பி.டி. வாத்தியார், எங்கள் போட்டிக்கு அவர்தான் நடுவர். சீட்டு ரெண்டையும் ஒரே மாதிரி மடித்தாரா என்று நான் கவனிக்கத் தவறிவிட்டேன். ஆளுக்கு ஒரு மணி நேரம், அது தீர்ந்தால் தோல்வி. கடிகாரத்தைத் தட்டினார். அவள் முதல் சிப்பாயைத் தள்ளினாள். நானும் தள்ளினேன்.

ரெண்டாவது மூவ். அவள் கை அந்தச் சிப்பாய் மேல் போயிற்று. தூக்கினாள். வைத்தாள். சொன்ன இடத்திலேயே வைத்தாள்.

சொன்னதையே செய்கிறாளே! சொன்னதைச் செய்யமாட்டாள் என்று நான் நினைப்பேன் என்று தெரிந்து, அதனால் சொன்னதையே செய்கிறாளா? அப்படி நான் கண்டுபிடித்துவிடுவேன் என்பதும் அவளுக்குத் தெரியும் அல்லவா? அப்படியானால் அதற்கும் அடியில் ஒன்று இருக்க வேண்டும். நான் எடுப்பேன் என்று நினைக்கிறாளா, எடுக்கமாட்டேன் என்று நினைக்கிறாளா? ஐம்பத்து மூன்று ஆட்டத்தில் ஒரு தடவைகூட எடுக்காதவன் இன்றைக்கு எடுப்பான் என்று காத்திருக்கிறாளா? ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, என் பக்கத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. “ஆடு” என்ற மாதிரி இருந்தது.

நாற்பத்தோரு நிமிஷம் யோசித்தேன்.

எடுக்கவில்லை.

அதற்கப்புறம் கிடந்தது பத்தொன்பது நிமிஷம். ஆனால் நன்றாக ஆடினேன் அண்ணாச்சி, பொய் சொல்லவில்லை. அவள் அடித்து ஆடுகிறேன் என்று ஒரு குதிரையைச் சும்மா விட்டுவிட்டாள். என் ராஜா பத்திரமாக இருந்தார், என்னிடம் ஒரு காய் கூடுதல். இன்னும் ஆறேழு மூவ் போதும். இழுப்பு வந்துவிட்டது. யானையைத் தூக்கினேன், வைப்பதற்குள் என் கடிகாரத்தில் சைபர் விழுந்துவிட்டது.

குமரகுரு சார் குனிந்து பலகையைப் பார்த்தார். “ஏப்பா, ஜெயிக்கிற ஆட்டம்பா இது. நேரம்தான் இல்ல ஒனக்கு” என்றார்.

நேராக வெளியே வந்து ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, யோசித்து யோசித்து மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து புகார் எழுதினேன். எழுதாமல் விட்டால் எனக்கு எதுவும் புரியாது என்று நினைத்துவிடுவார்கள். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

“இதுல என்ன எழுதிருக்க? ‘தான் ஆடப்போவதை முன்கூட்டியே தெரிவித்து என் மனநிலையைக் குலைத்தார்.’ பொய் சொல்லிச்சா அந்தப் பிள்ளை?”

“இல்ல சார்.”

“சொன்னதத்தான் ஆடுச்சா?”

“ஆமா சார்.”

“அப்புறம் என்ன?”

“அதான் சார்.”

அவர் முப்பிடாதியைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டினார். அவள் நின்றுகொண்டே படித்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தாளை நாலாக மடித்து மேஜையில் வைத்துவிட்டு, “சார், மறுபடியும் ஆடிருவோம். ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம். அவனே வெள்ளை எடுத்துக்கிடட்டும்” என்றாள்.

சார் பதறிவிட்டார். “ஒனக்கென்ன கிறுக்கா? ஜெயிச்சாச்சு. பேர எழுதி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.”

“ஜெயிச்ச மாதிரி இல்ல சார்.”

“அவன் ஜெயிச்சுட்டாம்னா?”

“ஜெயிச்சா ஜெயிக்கட்டும். ஆடிட்டு ஜெயிக்கட்டும்.”

அவர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, நம்ம மில்லுக்குள்ள நடக்குறதுதான, ரெண்டு பேருக்கும் சம்மதம்னா எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா பேரு இன்னைக்கே மேனேஜர் கைக்குப் போகணும். அஞ்சு மணிக்குள்ள ரெண்டு பேரும் பலகைல இருக்கணும். கோமதி, அஞ்சு மணிக்கு நீ வந்து உக்காரலன்னா காலைல நடந்ததுதான் முடிவு” என்றார்.

அப்போது மணி மூன்று. மூன்றிலிருந்து இங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போய் உட்கார வேண்டியதுதானே என்கிறீர்கள். எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். ஜெயித்தவள், கையில் இடம் கிடைத்தவள், எதற்கு அதைத் திருப்பி வைக்க வேண்டும்? அதுவும் வெள்ளையை எனக்குக் கொடுத்துவிட்டு. வெள்ளையில் என்ன இருக்கிறது? சிப்பாய் கொடுத்தது போதாதென்று ஆட்டத்தையே தூக்கி என் வாய்க்கு நேரே வைக்கிறாள். நேற்று என்ன சொன்னாள்? ஆட்டத்தைக் கொடுக்கமாட்டேன் என்றாள். இன்று கொடுக்கிறாளே! அப்போது நேற்றுச் சொன்னது பொய்தானே?

கொடுக்கவில்லை, மறுபடி ஆடத்தானே கூப்பிடுகிறாள் என்கிறீர்களா? அது... அதுவும் சரிதான். அப்படியும் பார்க்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை.

நான் அங்கே போய் உட்கார்ந்து தோற்றால் எல்லார் முன்னாலும் ரெண்டாவது தடவை தோற்றவன் ஆவேன். அதுதான் அவள் திட்டமோ? ஜெயித்தால்? ஜெயித்தால் டைம் ஆபீஸ், பகல் வேலை, தூசி இல்லை. ஆனால் அது முழுக்க முப்பிடாதி கொடுத்ததாக ஆகிவிடும். தினமும் சாயங்காலம் மன்றத்தில் எதிரே வந்து உட்கார்ந்து, நீ என்று கூப்பிட்டு... அப்புறம் என்ன கேட்பாள்? ஏதாவது கேட்கத்தானே வேண்டும்? ஒன்றுமே கேட்கமாட்டாள் என்று நினைத்துப் பாருங்கள். அப்படி நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இல்லை, இது இழுப்புதான். கொஞ்சம் பொறுங்கள். ம். சரியாகிவிட்டது.

நாலு ஐம்பதா? இன்னும் பத்து நிமிஷம் முழுதாக இருக்கிறதே. பத்து நிமிஷத்தில் எவ்வளவோ யோசிக்கலாம்.

அதோ கதவு திறக்கிறது. திரும்பிப் பார்க்காதீர்கள். அவள்தான்.

நீங்கள் நாற்காலியை நகர்த்திய சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது. என்ன சொல்லிவிட்டுப் போகிறாள் தெரியுமா? “கோமதி, காயெல்லாம் அடுக்கியாச்சு. வெள்ளை ஒன் பக்கம். வா.” அவ்வளவுதான். குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை. கவனித்தீர்களா, வெள்ளையை அவளே அடுக்கியிருக்கிறாள். என் காயை அவள் ஏன் தொட வேண்டும்?

போகிறேன் போகிறேன். யார் போகமாட்டேன் என்றது? கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்களுக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை? அவளை உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா? உங்கள் ஊர் எது என்றீர்கள்? சொந்தமா?

சரி, தெரியாது. தெரியாது என்றால் விடுங்கள்.

முதல் மூவ் எதை வைப்பது என்று முடிவு செய்துவிட்டால் எழுந்துவிடுவேன். வெள்ளை எனக்கு. ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை வைத்தால் அவளும் வைப்பாள். அப்புறம் ரெண்டாவது மூவ். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் கொடுத்தாளே, அதே சிப்பாயை நான் அவளுக்குக் கொடுத்தால் என்ன? அவள் எடுப்பாளா? எடுப்பாள். யோசிக்காமல் எடுப்பாள், எடுத்துவிட்டுச் சிரிப்பாள். என் ராஜா பக்கம் திறந்து கிடக்கும்.

நான் என் வாழ்நாளில் அந்தச் சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளியதே இல்லை, அண்ணாச்சி.

மணி என்ன? உங்கள் கடிகாரம் வேண்டாம், உள்ளே எட்டிப் பாருங்கள். பார்த்தீர்களா? என்ன சொல்கிறது? அந்தக் கடிகாரமும் அதையேதான் சொல்கிறதா?

குமரகுரு சார் வெளியே வருகிறார். கையில் தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். “நீயாவே முடிவு பண்ணிட்டப்பா” என்கிறார். நான் எங்கே முடிவு செய்தேன்? யோசித்துக்கொண்டுதானே இருந்தேன். சார்! சார், அஞ்சு இன்னும் ஆகலல்ல சார்? அஞ்சு மணி நாலு நிமிஷமா? தன் வண்டியை எடுத்துவிட்டார். எவ்வளவு அவசரம் பாருங்கள், அந்தத் தாளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில். முன்னாலேயே எழுதி வைத்திருப்பார்.

அவள் வருகிறாள். பேசாமல் இருங்கள்.

என் பக்கத்தில் நின்றாள், பார்த்தீர்களா? நின்று ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. ஜெயித்தவள் முகமா அது? அந்த இடம் கிடைத்த சந்தோஷம் கொஞ்சமாவது இருக்க வேண்டாமா? அழுதமாதிரிகூட இருக்கிறது. எனக்காகவா அழுவாள்? யாருக்குக் காட்டுவதற்கு?

வாசலைத் தாண்டிவிட்டாள். குடையை விரிக்கிறாள். மழையே இல்லை, வெயிலும் இல்லை.

கூப்பிடச் சொல்கிறீர்கள். கூப்பிட்டு என்ன சொல்வது? நாளைக்குக் காலையில் ஆறு மணி ஷிப்டு எனக்கு, பஞ்சில் நிற்க வேண்டும், அதையா? கூப்பிட்டதும் திரும்பிவிட்டால்? அவள் அதற்காகத்தான் இவ்வளவு மெதுவாக நடக்கிறாள், தெரியவில்லையா உங்களுக்கு? வீட்டுக்குப் போகிறவள் இப்படியா நடப்பாள்? ஓரடி வைத்துவிட்டு நிற்கிறாள், இன்னொரு அடி வைக்கிறாள். நான் கூப்பிடட்டும் என்றுதான். எனக்குத் தெரியாதா? கூப்பிடமாட்டேன்.

தெரு முனை வரைக்கும் மெதுவாகத்தான் போனாள், அண்ணாச்சி. அதற்கப்புறம் தெரியவில்லை.